முப்பத்திரண்டு கையெழுத்து

எனக்குச் சந்தேகப் புத்தி. கடையில் பாக்கெட் பால் வாங்கினால் தேதியை இரண்டு தடவை பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் காரணமில்லாமல் சிரித்தால் பையை மடிக்கு இழுத்துக்கொள்வேன். யாராவது தேவைக்கு மேல் மரியாதையாகப் பேசிவிட்டால், இவருக்கு நம்மிடம் என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று வீடு வந்து சேரும் வரை யோசித்துக்கொண்டிருப்பேன். எங்கள் கொங்குப் பக்கத்தில் எல்லோரும் எல்லோரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார்கள் என்பதால் எனக்கு ஓய்வே கிடையாது. எம்.ஏ. அரசியல் அறிவியலில் இடம் கிடைத்தபோது, இந்த வியாதிக்குப் பட்டமே தருகிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது.

வீடு, கருமத்தம்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு காலனியில். அப்பா தறிக்குடோனில் தறி ஓட்டுகிறார். அம்மா நூல் மில்லுக்கு வேனில் போய்வருகிறார். அவர்களுக்கு முந்தின தலைமுறை முழுக்கத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். நான் அரசியல் படிக்கிறேன் என்று தெரிந்ததும் தெருவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சிக்குக் கண்ணு படிக்கறே?" என்பதுதான். எந்தக் கட்சிக்கும் இல்லை என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை கல்லூரிக்கு அவினாசி ரோட்டில் பஸ். மேம்பாலத்தில் கார்கள் பறக்கும். கீழே எங்கள் பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று மூச்சு வாங்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நான் படித்தேன். சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் காலனி சமுதாயக் கூடத்தில் கும்மிப் பயிற்சி. எங்கள் இளைஞர் மன்றத்தில் பையன்களுக்குக் கபடி, பெண்களுக்குக் கும்மி என்று பிரித்திருந்தோம். கும்மியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது டெஸ்க்குக்குக் கீழே கால் தானாக அடி எண்ணும். பயிற்சியில் நிற்கும்போது மனம் திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய கட்டுரையை எண்ணும். எதையும் முழுசாகச் செய்யவில்லை என்ற உறுத்தல் இரண்டு இடத்திலும் கூடவே வரும்.

கும்மி எங்கள் காலனிக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்குள் கும்மி வகுப்பு ஆரம்பித்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஆறேழு பேர் சேரலாம் என்று போனார்கள். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இந்த பேட்ச்சில் இடம் இல்லீங்க, அடுத்த பேட்ச்சில் பார்த்துக்கலாமுங்க என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். அடுத்த பேட்ச்சிலும் இடம் இல்லை. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கமே கிடையாது. அதனால் எங்கள் கும்மியை நாங்களே தொடங்கினோம்.

அதற்கு உயிரே ஒரு அக்காதான். நாற்பது வயதிருக்கும். என் அப்பா வேலை செய்யும் குடோனுக்கு இரண்டு குடோன் தள்ளி அவரும் தறி ஓட்டுகிறார். நாளெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்பதாலோ என்னவோ, அவர் பாடினால் மைக் தேவைப்படாது. அடியை நான் வீடியோ பார்த்துச் சொல்லிக்கொடுப்பேன், பாட்டெடுப்பது அவர். முப்பத்திரண்டு பெண்கள். எட்டு எட்டாக நான்கு வரிசையில் தொடங்கி வட்டத்துக்குப் போவோம். பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து நேராக வருவார்கள், தலையில் பஞ்சுத் துகளோடு. வந்ததும் ஒருத்தர் தலையை ஒருத்தர் தட்டிவிட்டுக்கொள்வார்கள்.

இரண்டாம் வருடம் தொடங்கிய சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நோம்பிக் கமிட்டிக்காரர் ஒருவர் பைக்கில் வந்து சமுதாயக் கூடத்து வாசலில் இறங்கினார். ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பியை நடத்துகிற கமிட்டியில் அவர் சொன்னால் நடக்கும். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். நாங்களே செருப்போடு நின்றுகொண்டிருந்த இடம் அது. எனக்கு அப்போதே உறைத்தது.

"ஏனுங்க அம்மணி, இந்த வருசம் நோம்பிக்குக் கோயல் மைதானத்துல நீங்களும் வந்து கும்மியடிக்கோணுமுங்க" என்றார்.

பெண்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கோயில் மைதானம் என்றால் ஊரின் நடு. எங்கள் குழுவின் அரங்கேற்றம் அங்கே நடக்கும் என்று கனவில்கூட யாரும் நினைத்ததில்லை. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் மட்டும் அவர் கழற்றி வைத்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் இடமில்லாத இடத்தில் இப்போது எப்படி இடம் வந்தது? உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, வருகிறது என்று பேச்சு இருந்தது. எங்கள் காலனியின் ஓட்டு எத்தனை என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

அன்றே ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. உள்ளூர்க் கலைக் குழுக்களை உள்ளாட்சி அரசியல் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதை எழுதலாம்; கண்ணெதிரே நடக்கிறதே. எனக்கு வழிகாட்டியான மேடத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. நீயே அந்தக் குழுவில் இருப்பது பெரிய பலம் என்றார். பையில் இரண்டாவது ஒரு நோட்டு சேர்ந்தது. முதல் நோட்டில் அடிகளும் பாட்டு வரிகளும் இருந்தன. இரண்டாவதில், யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதத் தொடங்கினேன். அதை யாருக்கும் காட்டவில்லை.

கமிட்டிக்காரர் அடுத்த வாரமும் வந்தார். ஒரு லிஸ்ட் வேண்டுமாம். பெயர், போன் நம்பர், பக்கத்தில் ஒரு கையெழுத்து. கழுத்தில் போட்டுக்கொள்ள அடையாள அட்டை அடிப்பதற்காம். ஆகட்டுங்க, பார்த்துக் கொடுக்கிறோம் என்று நானும் முடியாது என்பதை எங்கள் முறைப்படியே சொன்னேன். அவர் போனதும் எல்லோரையும் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினேன். யார் நீட்டினாலும், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு அடித்துவிட்டுப் போடுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நன்றாகப் பேசினேன் என்று எனக்கே பட்டது. பெண்கள் கவனமாகக் கேட்டார்கள். அக்கா மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, முப்பத்திரண்டு பேருக்கும் ஒரு தாளை நான் நீட்டினேன்.

அது ஆய்வுக்கான சம்மதப் படிவம். பேட்டி எடுக்கப்படுகிறவர்களிடம் கையெழுத்து வாங்காமல் ஆய்வேட்டை ஏற்க மாட்டார்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடமே சம்மதம்தான். குடிமக்களின் சம்மதத்தில்தான் அரசு நிற்கிறது. வாய் திறந்து தருவது ஒரு சம்மதம், வாய் மூடி இருப்பதையே தந்ததாக எடுத்துக்கொள்வது இன்னொரு சம்மதம் என்று பக்கம் பக்கமாகப் படித்து, தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். படிவம் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பத்திர ஆபீஸ் தமிழ். பயிற்சி முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கொடுத்தேன். படிச்சுப் பாருங்க என்று வாய் சொன்னது. கை அதற்குள் பேனாவை நீட்டியிருந்தது. எனக்குப் பதினொன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து ஒரு கருத்தரங்கத்துக்குப் போகவேண்டியிருந்தது.

முதலில் அக்காதான் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். ஒருத்தர்கூடப் படிக்கவில்லை. ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எல்லாக் காரியத்திலும் ஓட்டையைத் தேடுகிற எனக்கு, முப்பத்திரண்டு பேரும் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டதில் மட்டும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. என்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போதே தாள்களையெல்லாம் போனில் ஸ்கேன் செய்து மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு பேர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினாறு. வரிசையில் எங்கே பார்த்தாலும் இடைவெளி. அதற்கடுத்த வாரம் அக்காவே வரவில்லை. பாட்டெடுக்க ஆளில்லாமல் போனில் பாட்டைப் போட்டு ஸ்பீக்கரில் மாட்டினோம். நோம்பிக்கு ஐந்து வாரம் இருந்தது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "வாரேன், நீ முன்னால போ." ஒருத்தியும் வரவில்லை. எப்போதும் வா புள்ளே என்று உரிமையோடு கூப்பிடுகிற ஒருத்தி, அன்றைக்கு வாங்க, உட்காருங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த நாற்காலியில் எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை.

என் சந்தேகம் நேராகக் கமிட்டிக்காரர் மேல்தான் போனது. லிஸ்ட் கொடுக்காத கோபத்தில் நம்மை உடைக்கப் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆதாரம் தேடத் தொடங்கினேன். அவருடைய பைக் எங்கள் தெருமுனையில் இரண்டு தடவை நின்றிருக்கிறது. எங்கள் குழுப் பெண் ஒருத்தி அவர் வீட்டம்மாவோடு ரேஷன் கடையில் பத்து நிமிடம் பேசியிருக்கிறாள். இதையெல்லாம் தேதி போட்டு இரண்டாவது நோட்டில் எழுதினேன். மேடத்துக்கும் போன் செய்து, களத்தில் தலையீடு நடக்கிறது என்றேன். அவருக்குக் குரலிலேயே உற்சாகம் வந்துவிட்டது.

கடைசியில் நால்ரோட்டுப் பேக்கரியில் கமிட்டிக்காரரையே பிடித்தேன். மறுக்க மறுக்க எனக்கு டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வைத்துவிட்டுத்தான் பேச உட்கார்ந்தார். லிஸ்ட்கூட வேண்டாம், எத்தனை பேர் என்று மட்டும் சொன்னால் போதும், சாப்பாட்டுக்குச் சொல்லவேண்டும் என்றார். எங்கள் பெண்களை வரவேண்டாம் என்று யாராவது சொன்னார்களா என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நா எதுக்குங்க அம்மணி அவிங்கள வரவேண்டாங்கறேன்? வந்தாத்தானுங்க எனக்கு ஆகும்" என்றார்.

அவருக்கு என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அது உண்மை என்று பட்டது. அவர் பேசியதிலேயே அந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் நம்பமுடிந்தது. அப்படியானால் பெண்கள் வராததற்கு வேறு யாரோ காரணம்.

அது யார் என்று சொன்னது அம்மா. மறுநாள் காலையில் மில் வேனுக்காகத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேக்கரிக் கதையைச் சொல்லி, ஒவ்வொருத்தராகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்னலை முடிக்கும் வரை கேட்டார்.

"ஊரையெல்லாந் துருவறத உட்டுப்போட்டு உன்ற பையத் தொறந்து பாரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். அக்கா முன்பு ஒரு மில்லில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். ஒருநாள் ஷிப்ட் முடிகிற அவசரத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அட்டெண்டன்ஸ் என்று சொன்னார்களாம். மறுவாரம், நீங்களாகவே வேலையிலிருந்து நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவிலேயே ஐந்து பேருக்கு அப்படி நடந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. நீ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு எதில் மாட்டினோமோ என்று பெண்கள் இப்போது பயந்துகிடக்கிறார்கள் என்றார் அம்மா. கட்சியில் சேர்த்துவிட்டேனா, கடனுக்குச் சாட்சியாக்கிவிட்டேனா என்று ஆளுக்கொன்று பேசிக்கொள்கிறார்களாம். உனக்குத் தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே என்று சொல்லிவிட்டு வேன் ஹாரனுக்கு ஓடினார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாகவும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். கமிட்டிக்காரர் மேல் வராத சந்தேகம் என்மேல் எப்படி வரலாம்? நான் இந்தத் தெருப் பெண் இல்லையா? இவர்களுக்காகத்தானே சனியும் ஞாயிறும் ஓடி வருகிறேன்? இப்படியே பொருமிக்கொண்டு அன்றைக்குக் கல்லூரிக்குப் போகாமல் படிவங்களை எடுத்துக்கொண்டு அக்காவின் குடோனுக்குப் போனேன்.

தறிகள் ஓடும்போது அங்கே பேசமுடியாது. உள்ளே இருப்பவர்கள் வாயசைவிலும் கையசைவிலும் பேசிக்கொள்வார்கள். அக்கா என்னைப் பார்த்தார். இரு என்று கை காட்டினார். அறுந்த இழையை முடிந்துவிட்டு அடுத்த தறிக்குப் போனார். இருபது நிமிடம் நூல் தூசியில் நின்றேன். டீ நேரத்துக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றபோது காது வலித்தது. அவருடைய தாளை எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்கக்கா, உங்க காயிதம். கிழிச்சுப்போடுங்க."

அவர் வாங்கவில்லை. "கிழிச்சாப் போச்சா கண்ணு? ஜெராக்ஸ் இருக்குமல்லோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குதுக்கா. போன்ல எடுத்து மேடத்துக்கு அனுப்பிச்சுட்டேன்."

"அப்பற எதுக்கு இத எங்கிட்டக் குடுக்கறே?" குரலில் கோபம் இல்லை. டீ டம்ளரை ஊதிக்கொண்டே சொன்னார்: "மில்லுலயும் ஒரு பொண்ணுதா காயிதங் கொண்டாந்துச்சு. நம்ம சனந்தா. அதுவும் என்னைய அக்கான்னுதா கூப்புட்டுது."

நான் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது. பின்னே ஏனக்கா போட்டீங்க என்று மட்டும் கேட்கமுடிந்தது.

"நீ கேட்டே. மூஞ்சிக்கு நேரா எப்பிடி மாட்டேங்கறது?"

ஊரார் எங்களிடம் எதைச் செய்தார்களோ, எங்கள் பெண்கள் என்னிடம் அதையே செய்திருக்கிறார்கள். நேரே சொல்லாமல், மரியாதையாக விலகிக்கொண்டார்கள். அதை மற்றவர்களிடம் மட்டும் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, சொந்தத் தெருவில் தெரியவில்லை. அழுகை வந்தது. தூசி கண்ணில் விழுந்ததாகக் காட்டிக்கொண்டேன். அக்கா நம்பின மாதிரி காட்டிக்கொண்டார்.

மேடத்திடம் போய்ப் படிவங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, யாராவது மிரட்டினார்களா என்று தணிந்த குரலில் கேட்டார். என்னைவிடச் சந்தேகக்காரர். நான் படிக்கக் கொடுக்காமல் கையெழுத்து வாங்கினேன் என்றேன். அவர் லேப்டாப்பைத் திறந்தார். பிறகு என் கண்ணெதிரே மெயிலை அழித்தார். வேறெங்கும் நகல் இல்லை என்றார். அதை நான் எப்படி நம்புவது என்று ஒரு கணம் தோன்றியது. அக்காவுக்கு நான் எப்படி நிரூபிப்பது என்று அதற்கடுத்த கணம் தோன்றியது. நிரூபிக்க வழியே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தே ஆகவேண்டும் என்று அக்காவே எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார். சமுதாயக் கூடத்தின் நடுவில் நின்று, முப்பத்திரண்டு தாளையும் அவரவர் கையில் கொடுத்தேன். பிறகு அதில் இருப்பதை வரி வரியாக எங்கள் பேச்சில் சொன்னேன். நகல் போனது, அது அழிக்கப்பட்டது, அழித்ததற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பதையும் சொன்னேன். இரண்டாவது நோட்டைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ரேஷன் கடையில் பத்து நிமிடம் பேசியவள் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டாவது வரை படித்த ஒருத்தி கையைத் தூக்கினாள். எழுதுவதை எங்களுக்குப் படித்துக் காட்டுவாயா, இதில் அப்படி ஒன்றும் போடவில்லையே என்றாள். உண்மைதான், போடவில்லை. அத்தனை பத்திகளில் அந்த ஒன்று இல்லை என்பது அதுவரை என் கண்ணிலும் படவில்லை, மேடம் கண்ணிலும் படவில்லை.

அப்படியென்றால் நாம் எழுதுவோம் என்றார் அக்கா. கை தூக்கியவளே ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து எழுதினாள். எங்களைப் பற்றி எழுதுவதையெல்லாம் எங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், வேண்டாம் என்று சொல்வதை எடுத்துவிட வேண்டும். இரண்டே வரி. என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் வாங்கி ஒரு தடவை படித்தேன். மறுபடியும் படித்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். இரண்டு வரிக்குக் கீழே நிறைய இடம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது எல்லோரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"பாத்தீங்களா, அம்மணிக்கு நம்ம மேல நம்பிக்கை இல்ல" என்றார் அக்கா. ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நான் உட்பட. அக்கா அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டை எடுத்தார்.

தாளை வாங்கிக்கொண்டு போன மூன்று பேர் அதன்பிறகு பயிற்சிக்கு வரவே இல்லை. அவர்களை நான் திரும்பக் கூப்பிடவும் இல்லை. மீதி இருபத்தொன்பது பேருக்கு வரிசை அமையாது. அதனால் முப்பதாவது ஆளாக நான் நின்றேன். ஐந்து ஐந்தாக ஆறு வரிசை. அதுவரை போனைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று அடி சொன்னவள், நான்கு வாரம் மற்றவர்களோடு வேர்த்து வழிந்து குனிந்து நிமிர்ந்தேன். ஆய்வேட்டில் எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு பத்தியை எடுக்கச் சொன்னார்கள். இருந்ததிலேயே நல்ல பத்திகள் அவைதான். எடுத்துவிட்டேன்.

நோம்பியன்று பொழுது சாய்வதற்கு முன்னால் கோயில் மைதானத்தில் எங்கள் அரங்கேற்றம் நடந்தது. ஒரே நிறச் சேலையில் முப்பது பேர் இறங்கினோம். கூட்டம் எங்களை எப்படிப் பார்த்தது என்று கவனிக்க எனக்கு நேரமில்லை. அடி தப்பிவிடக்கூடாது என்ற பயமே பெரிதாக இருந்தது. மூன்றாவது பாட்டில்தான் நான் எதிர்பார்த்தது நடந்தது. வெள்ளை வேட்டியில் ஒரு பிரமுகர், பின்னால் நாலைந்து போன் கேமரா. கமிட்டிக்காரர் அவரை வட்டத்தின் அருகே கூட்டிவந்து நிறுத்தினார். ஆக, என் சந்தேகம் வீண் போகவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் பிரமுகர் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். கமிட்டிக்காரர் ஒரு அட்டையில் செருகிய தாளையும் பேனாவையும் அக்காவிடம் நீட்டினார்.

"ஒண்ணுமில்லீங்க, வந்து கலந்துக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துங்க. போட்டுட்டீங்கன்னா மரியாதை பண்ணீரலாம்."

மேலே இரண்டு வரி, கீழே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு, நடுவில் ஒரு சாண் வெற்றிடம். மைக்கில் அறிவிப்பாளர் எங்கள் குழுவின் பெயரைச் சொல்லிவிட்டார். கேமராக்கள் உயர்ந்தே நின்றன. சீக்கிரம் போடுங்கக்கா என்று சொல்ல என் வாயே திறந்துவிட்டது, மூடிக்கொண்டேன்.

அக்கா வேர்வைக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினார். வரியின்மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். அவருக்கு வேகமாகப் படிக்க வராது. இரண்டு வரியும் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பிரமுகர் பொன்னாடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அக்கா தாளைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த எடம் எதுக்குங்க சும்மா கெடக்குது?"

"அது சும்மாதானுங்க" என்றார் கமிட்டிக்காரர், சிரிப்புக் குறையாமல்.

அக்கா அந்த இடத்தில் மூலைக்கு மூலை கோடு போட்டார். நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். ஆனால் அட்டையைக் கொடுக்கவில்லை.

"இதுல எங்களுக்கொரு ஜெராக்ஸ் வேணுமுங்க."

நோம்பிக்கு ஜெராக்ஸ் கடையெல்லாம் சாத்திக் கிடந்தது. பொன்னாடை இன்னும் காற்றில் விரிந்தே நின்றது. என் போன் இடுப்பில் இருந்தது. எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவரே தாளுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்து, எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கமிட்டிக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றிங்க என்றார். அப்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், சந்தேகமாக.